பாலகுரு திரும்பி ஓடுகிறான்

3 நவம்பர் 2024, ஞாயிறு

முசஃபாவில் வளைகுடா வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டிசம்பர் இரண்டாம் தேதி, இந்த நாட்டின் தேசிய தின விடுமுறையில், கம்பெனிகளுக்குள் அமெரிக்கன் புட்பால் போட்டியாம். எங்கள் அமெரிக்க மேனேஜர் தொழிலாளர் கேம்ப்பில் நாங்கள் ஆடும் கபடியைப் பார்த்துவிட்டு எங்களையே டீமாகப் பிடித்துப் போட்டுவிட்டார்.

புட்பால் என்று பேர்தான், காலால் உதைக்கவே கூடாது. பந்து உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கிறது. இடுப்பில் பெல்ட் கட்டி இரண்டு பக்கமும் ரிப்பன் தொங்கவிடுகிறார்கள். பந்து வைத்திருப்பவனின் ரிப்பனை உருவிவிட்டால் அவன் நின்றுவிட வேண்டும். உருவ விடாமல் ஓடி எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி.

எனக்கு ஏழாம் நம்பர் சட்டை. முப்பத்தொன்பது வயதில்! கபடி கேப்டனுக்கு இதுகூட இல்லையென்றால் எப்படி? ஊரில் மனைவி நாகஜோதிக்குப் படம் அனுப்பினேன். மகள் அகிலா அதற்குள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாளாம்.

10 நவம்பர்

ரிப்பனைக் கையால் மறைத்தால் தண்டனை. இது நியாயமா? லுங்கி கட்டி வளர்ந்தவனுக்கு, இடுப்பில் எவனாவது கை வைத்தால், கை தானாக அங்கே போகாதா? இன்று எங்கள் டீமில் மறைக்காதவன் ஒருவன் இல்லை. மேனேஜர் விசில் ஊதி ஊதி முகம் சிவந்துவிட்டார். உமாபதி பந்தையே கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"உள்ள டவுசர் இருக்குன்னு எனக்குத் தெரியுதுண்ணே, கைக்குத் தெரிய மாட்டேங்குது" என்கிறான்.

11 நவம்பர்

முழங்கால் வீங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

17 நவம்பர்

சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. பந்தோடு ஓடிச் சட்டென்று திரும்பினேன், முட்டி திரும்பவில்லை. அத்தனை பேர் முன்னாலும் விழுந்தேன்.

மேனேஜர் தோளில் கை போட்டு, இனி நீதான் கோச் என்றார். கோச்சாம் கோச். ஓட முடியாதவனுக்கு வைக்கிற பேருதானே அது? போங்கய்யா.

ஒன்றே ஒன்று கேட்டேன். ஆட்டக்காரர் பட்டியலில் என் பெயரை எடுக்காதீர்கள், கடைசிப் பெயராகவாவது இருக்கட்டும். சரி என்றார். போட்டிக்குள் கால் சரியாகிவிடும். ஆகாதா? ஆகும். அகிலாவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

20 நவம்பர்

இந்தப் பாலகுருவை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது! வெல்டர், ஓட்டத்தில் எங்களுக்குள் அவனை மிஞ்ச ஆளில்லை. எங்கே எறிந்தாலும் பந்தைப் பிடிக்கிறான். பிடித்த மறு நிமிஷம் திரும்பி நம் பக்கமே ஓடி வருகிறான். நம் கோட்டிலேயே கையை நீட்டி விழுந்து, "பாயிண்ட்!" என்று எழுந்திருக்கிறான். கபடிக்காரன் புத்தி. எதிராளி பக்கம் போனவன் தொட்டுவிட்டு ஊர் வந்து சேரவேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியிருக்கிறது.

பகலெல்லாம் கிரேனுக்குக் கை காட்டுவதுதான் என் வேலை. கிரேன்கூட நான் காட்டுகிற பக்கம் போகிறது.

"ஏண்டா, அங்கிட்டு ஓடுன்னு எத்தன தடவ சொல்றது?"

"ஓடணும்னுதாண்ணே நெனக்கிறேன். பந்து கைக்கு வந்ததும் உசுரு நம்ம பக்கம் இழுக்குது. நீங்க வேற இங்கிட்டு நின்னு கத்துறீக."

24 நவம்பர்

கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை யஹ்யா பாய், ஜூஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பயிற்சி பார்க்க வந்தார். எதிரணிக் கோட்டுக்குப் பின்னால் போய் நின்று, "யல்லா, ஜூஸ் வந்துருச்சு, வாங்கப்பா!" என்றார். பாலகுரு அப்போதுதான் பந்தைப் பிடித்திருந்தான். நேராக பாயிடம் ஓடினான். கோட்டைத் தாண்டி ஒரு மாம்பழ ஜூஸையும் எடுத்துக்கொண்டான். மேனேஜர் கையைத் தூக்கிக் குதிக்கிறார்!

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நம் ஆள் குரல் எங்கிருந்து வருகிறதோ அதுவே அவனுக்குச் சொந்தப் பக்கம். இரண்டு வருஷமாக கேம்ப் கபடியில் என் குரலுக்குத்தானே திரும்பி வந்து பழகியிருக்கிறான்! நொண்டிக்கொண்டே அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய், "திரும்பி வாடா பாலகுரு!" என்றேன். வந்தான். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி வந்தான்.

1 டிசம்பர்

நாளை போட்டி. வீக்கம் வடிந்துவிட்டது. வலி இருக்கிறது, அது வேறு விஷயம். ஏழாம் நம்பர் சட்டையைத் துவைத்து ஏசி முன்னால் காயப் போட்டிருக்கிறேன். கடைசியில் கொஞ்ச நேரமாவது இறங்கிவிட வேண்டும். அகிலாவுக்கு வீடியோ எடுத்துத் தருவதாக பாய் சொல்லியிருக்கிறார்.

2 டிசம்பர்

ஆட்டம் முடிந்து வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எதிரணிக் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றதுமே நடுவர் விசில் அடித்துவிட்டார். பட்டியலில் பெயர் உள்ளவன் ஓரத்துப் பெஞ்சில்தான் இருக்கவேண்டுமாம். கோட்டுக்குப் பின்னால் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு மட்டும் இடமாம். எனக்குப் பதிலாக யஹ்யா பாயை நின்று கூப்பிடச் சொன்னேன். நாலு பாஷையில் கூட்டம் கத்துகிற கத்தலில் பாய் குரல் எங்கே கேட்கும்? பாலகுரு பந்தைப் பிடித்துவிட்டு, குழம்பிப் போய், நடுவரிடமே ஓடினான். பாதி ஆட்டத்தில் அவர்கள் ஆறு, நாங்கள் பூஜ்யம்.

மேனேஜர் என்னைப் பார்த்து, இறங்குகிறாயா என்றார். இந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்துக் கிடந்தேன்! எழுந்துவிட்டேன். பார்த்தால், பாலகுரு திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி பெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் இறங்கினால் டீமுக்கு ஒரு நொண்டி கிடைப்பான். கோட்டுக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டால்?

சட்டையைக் கழற்றினேன். அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. நடுவர் கையில் கொடுத்து, "மை நேம் கட். கலாஸ், பினிஷ்" என்றேன். வெறும் பனியனோடு அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய், ஜூஸ் பெட்டி மேல் ஏறி நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"திரும்பி வாடா!"

வந்தான். பின்னால் ஐந்து பேர் துரத்தியும் ஒருவன் கைக்கும் ரிப்பன் சிக்கவில்லை. என் காலடியில் கையை நீட்டி விழுந்து, "பாயிண்ட்டாண்ணே?" என்றான். ஆமாடா ஆமா! ஆட்டம் முடிவதற்குள் இன்னொரு தடவையும் வந்தான். பன்னிரண்டுக்கு ஆறு, ஜெயித்துவிட்டோம்.

முட்டியில் வலி இல்லை. தொண்டைதான் போய்விட்டது.

3 டிசம்பர்

வீடியோ காலில் எனக்குக் காற்றுதான் வந்தது. பாய் எடுத்த வீடியோவை நாகஜோதி பார்த்துவிட்டாள்.

"மேட்ச்சு எங்கங்க? நீங்க பனியனோட கத்துறது மட்டுந்தான் இருக்கு."

நான் இப்போது கோச் என்று மெசேஜில் எழுதினேன். கோச்சுன்னா என்ன என்றாள். நின்ற இடத்தில் நின்றுகொண்டு அடுத்தவனை ஓட விடுகிறவன் என்று எழுதினேன்.

"லீவுல வந்தா இங்க நிதமும் அதத்தானே பண்ணுறீக. அதுக்கு ஒரு பேரு வேற இருக்கா!"

பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அகிலா, 'எங்கப்பா புட்பால் வாத்தியார்' என்று வகுப்பில் மாற்றிச் சொல்லிக்கொள்கிறாளாம்.

11 ஜனவரி 2025

பக்கத்து நாட்டில் இருக்கும் சோஹார் கிளையிலும் டீம் போடுகிறார்கள். பழக்கிவிட்டு வா என்று கம்பெனி என்னை அனுப்புகிறது. அங்கேயும் எல்லோரும் கபடிக்காரர்களாம். முதலில் இடுப்பிலிருந்து கையை எடுக்க வைக்க வேண்டும்.

ஏழாம் நம்பர் சட்டையைப் பாலகுருவிடம் கொடுத்துவிட்டேன். தோளில் இறுக்குகிறது, ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான்.

பையில் விசில், மாற்றுத் துணி, சோப்பு எல்லாம் வைத்தாயிற்று. ஷூவை எடுத்தேன், திரும்பக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். பையில் ஷூவுக்கு விட்டிருந்த இடத்தில் தொண்டை மிட்டாய் இரண்டு பட்டை வைத்திருக்கிறேன்.