துணிப்புலிக்குப் பல் இல்லை

நகர ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு
ஐந்தாம் மாதத் திருவிழாவுக்கு மறுவாரம், 1985

ஷுவான்வாவின் அப்பாவுக்கு,

ஃபெங்லியான் வணக்கத்துடன் எழுதுவது. அனைவரும் நலம் என்று எழுத வழியில்லை. உங்கள் சுரங்கப்பாதை வேலைக்குச் சிமெண்டு ஏற்றிப்போகும் லாரிக்காரர் வாசலில் காத்திருக்கிறார். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் குழந்தை.

நீங்கள் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அவனுக்கு மாதம் நிறைந்த விருந்து நடந்தது. என் அம்மாவின் அண்ணன் குடித்துவிட்டு, எங்கள் ஃபெங்லியான் புலி வருஷத்தில் பிறந்தவள், எதற்கும் அசரமாட்டாள் என்று பெருமை பேசிவிட்டார். கல்யாணம் பேசும்போது, நான் பிறந்தது மாட்டு வருஷம் என்று என் அம்மா பொய் சொல்லிவைத்தது உங்களுக்குத் தெரியும். உங்களிடம் நான் மறைக்கவில்லை. நீங்கள் புலிபோல் உறுமிக்காட்டிச் சிரித்தீர்கள்.

ஆனால் உங்கள் அப்பா சிரிக்கவில்லை. புலிப்பெண் அருகில் இருந்தால் பச்சைக்குழந்தை தங்காது என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. தொட்டிலிலேயே போய்விட்ட உங்கள் தம்பியைப் பார்க்கவும் அப்படி ஒருத்தி வந்திருந்தாளாம்.

திருவிழாவன்று காய்ச்சல் கண்டதும் குழந்தையைத் தம் அறைக்குத் தூக்கிப்போய்விட்டார். ஆட்டுப்பால் புகட்ட உங்கள் அண்ணி சாய்லிங் அக்காவை உள்ளே வைத்துக்கொண்டார். எனக்குப் பால் கட்டி மார் கல்லாகிவிட்டது. கதவுக்கு வெளியே நின்று இடுக்கு வழியாகப் பார்த்தேன். உள்ளே அவன் தலையில் நான் தைத்த புலித்தொப்பி, காலில் நான் தைத்த புலிமுகச் செருப்பு, தலைக்கு நான் பஞ்சடைத்த புலித்தலையணை. நெற்றியில் மாமாவே மஞ்சள் மருந்துக்கல்லைக் குழைத்துப் புலிக்கோடு போட்டிருந்தார்.

கேட்டேவிட்டேன். “இத்தனை புலி அவனக் காப்பாத்தும், பெத்தவ மட்டும் கடிச்சிடுவேனா மாமா?”

“துணிப்புலிக்குப் பல்லு இல்லம்மா” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் பயந்துபோய்ச் சொன்னார்.

நேற்று குழந்தையின் அழுகை நின்றுவிட்டது. மாமா பூசாரியைக் கூப்பிடப் போன நேரத்தில் அக்காவே தாழைத் திறந்தாள். “மூச்சு வாங்கும்போது நெஞ்சு குழியுதுடி. தூக்கிட்டு ஓடு. திட்டு நான் வாங்கிக்கறேன்” என்றாள். பக்கத்து வீட்டு டிராக்டரில் வந்து சேர்ந்தேன்.

நுரையீரலில் சளி கட்டியிருக்கிறதாம். முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று டாக்டர் திட்டினார். கையில் நரம்பு கிடைக்கவில்லை. நெற்றியில்தான் ஊசி ஏற்ற வேண்டும் என்று நர்ஸ் அந்தப் புலிக்கோட்டைப் பஞ்சால் துடைக்க வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கும் பயம் வந்துவிட்டது. துடைத்துவிட்டால் இவனிடம் மிஞ்சும் புலி நான் ஒருத்திதானே என்று நினைத்துவிட்டேன். பிறகு கையை விட்டேன்.

இன்னும் காய்ச்சல் விடவில்லை. பால் குடிக்கிறான், ஆனால் இரண்டு வாய்க்குள் களைத்துவிடுகிறான். டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

மாமா காலையிலேயே வந்துவிட்டார். நான் இருப்பதால் உள்ளே வரமாட்டேன் என்று வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விடு, அவன் பிழைத்துக்கொள்வான் என்று சொல்லி அனுப்பினார். என் காலில்கூட விழுவாராம். நான் ரொட்டி கொடுத்தனுப்பினேன். அவர் வாங்கவில்லை.

எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. நான் தள்ளிப்போனால் இவன் பிழைப்பான் என்று நீங்களும் நினைத்தால், வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். போய்விடுகிறேன். அப்படி நினைக்கவில்லையென்றால், உங்கள் அப்பாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவாருங்கள். பேரன் மூச்சு விடுவதை அவரும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

லாரிக்காரர் கூப்பிடுகிறார். இதே லாரியில் திரும்பிவிடுங்கள். மலைப்பாதையில் பத்திரம். உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. நீங்கள் வரும்வரை இவனைக் கையிலிருந்து இறக்கமாட்டேன்.

உங்கள்
ஃபெங்லியான்