ஐந்து பேர் ஆட்சியும் ஒரு சிவப்பு அரளியும்

அன்பு மகன் தமிழ்வேந்தனுக்கு அம்மா மகேஸ்வரி எழுதுவது. மலையில் நானும் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், பிரான்சில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை. போனில் சிக்னல் நின்றால்தானே பேச, அதனால் அங்கன்வாடியில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். சாமை அறுத்தாயிற்று, அப்பாவுக்கு முட்டிவலி தேவலை.

போன வருஷம் நீ உன் படிப்பிலிருந்து ஒரு கதை சொன்னாயே, அந்த ஊரில் ராஜா தலையை வெட்டினார்கள், பிறகு வந்தவன் ஊரார் தலையையெல்லாம் வெட்டினான், கடைசியில் அவன் தலையும் போனது, ஒருத்தன் கையில் கொடுத்தால்தானே வம்பு என்று ஐந்து பேரை ஆள வைத்து வருஷத்துக்கு ஒருத்தரைச் சீட்டுக் குலுக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று. நம் ஊர்க்கவுண்டர் கோயிலைத் தன் சொத்துபோல வைத்திருந்ததில் எல்லோரும் கொதித்துக் கிடந்தார்களா, நான் அதை ஊர்க்கூட்டத்தில் எடுத்துவிட்டேன். கவுண்டரை இறக்கிவிட்டு ஐந்து பேரை வைத்தார்கள், அதில் நானும் இருசப்பன் அண்ணனும் உண்டு. திருவிழா சண்டையில்லாமல் நடந்தது. தலை எதுவும் உருளவில்லை, மேளக்காரருக்குப் போட்ட சோறுதான் கொஞ்சம் குழைந்துவிட்டது.

வினை இந்தத் தை மாதம் வந்தது. ஒருத்தரை அனுப்ப வேண்டுமே. சீட்டெல்லாம் நமக்கு எதுக்கு, அம்மன்கிட்டயே பூ கேட்டுடலாம் என்றார்கள், நானும் தலையாட்டினேன். சிவப்பு வந்தவர் இறங்க வேண்டும் என்று அம்மன் காலடியில் வைத்த பூப்பொட்டலத்தை ஆளுக்கொன்றாய் எடுத்துப் பிரித்தால் நாலு பேருக்கு வெள்ளை அரளி, இருசப்பன் அண்ணனுக்குச் சிவப்பு. உங்கள் பிரான்சில் சீட்டு விழுந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். இங்கே, மாரியம்மாவே வேணாம்னு தள்ளிட்டா, சும்மாவா தள்ளுவா, நகையில இன்னாவோ கை வச்சிக்கிறான் என்று சாயங்காலத்துக்குள் பேச்சு. அவர் மகள் தமிழ்மொழிக்குப் பரிசம் போட இருந்தவர்கள் விசாரித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். மனுஷன் வெளியே வருவதில்லை. அடுத்த சிவப்புக்கு யார் உட்காருவார், குழுவும் கலைந்தது. மிலிட்டரியிலிருந்து வந்த தீனதயாளன், சாவிய குடுங்க நான் பாத்துக்கறேன் என்றான், ஊரே அப்பாடா என்று கொடுத்துவிட்டது. உங்கள் நெப்போலியன் வந்ததும் இப்படித்தானாமே. அதில் எனக்கு வருத்தமில்லை, ஆட்சி என்றால் வரும் போகும். அந்தப் பெண் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

அம்மன் நகைப்பெட்டியை நானும் அண்ணனும் சேர்ந்துதான் பூட்டுவோம், எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரைக் கோயிலுக்கு வரவழைத்து, அவர் ஒரு குந்துமணியும் தொடவில்லை, பொய்யென்றால் என் ஒரே பிள்ளை தலையில் விடியட்டும் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். புள்ளைய வெச்சா சத்தியம் பண்ணுவ என்று அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் இறங்கிவந்து, சத்தியம் நிற்கிறதா என்று சித்திரை வரைக்கும் பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள்.

ஆகவே குல்லா போடாமல் பனியில் இறங்காதே, சைக்கிளை மெதுவாக ஓட்டு, வேளைக்குச் சாப்பிடு. அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். மறந்துவிடாதே தம்பி, சித்திரை வரைக்கும் நீ ஒரு தும்மல் தும்மினாலும் இங்கே இருசப்பன் அண்ணன் திருடன் ஆகிவிடுவார்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா மகேஸ்வரி