இரண்டு போர்வை

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் அண்ணனும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது, நீதான் வாயைத் திறப்பதில்லையே. கடைசியாகப் பேசியபோது அழுதுகொண்டே சொன்னாய், பீரோக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரையும் கிடங்கில் இருக்கும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற ப்ரோக்ராம் நீ எழுதியது, அது ஓடிய முதல் நாளே ஒரு பீரோ கேட்டவர்கள் வீட்டில் இரண்டு பீரோ போய் இறங்கிவிட்டது, இந்த வேலைக்கே நான் லாயக்கில்லை, ராஜினாமா எழுதப் போகிறேன் என்று. அதோடு போனை வைத்தவள்தான், எந்த மெசேஜுக்கும் பதில் இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை தங்கம்.

அண்ணனிடம் கேட்டேன், இவ்வளவு படித்தவள் எப்படி இரண்டிரண்டாக அனுப்பினாள் என்று. கடை ஆர்டர் அனுப்பினால் கிடங்கு கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டுமாம், அந்தப் பதில் வழியில் தொலைந்தால், போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று கடை அதே ஆர்டரை மறுபடி அனுப்புமாம், இது பழைய ஆர்டர்தான் என்று கிடங்குக்குத் தெரிய ஓர் அடையாளம் வைக்க வேண்டும், அதைத்தான் விட்டுவிட்டாள், திருத்திவிடலாம் என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்குக் குளிருமே என்று போர்வை அனுப்பினோமில்லையா, கிடைத்தது என்று நீ சொல்லவில்லை, அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, “அது எங்கேயாவது தொலைஞ்சிருக்கும், பிள்ளை குளிர்ல நடுங்கும்” என்று அதே கடையில் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி அனுப்பிவிட்டு வந்து நிற்கிறார். இத்தனைக்கும் அவருக்கு யாரும் ப்ரோக்ராம் எழுதவில்லை.

அதனால் ராஜினாமாவைக் கிழித்துப் போடு. முதலில் தப்பைத் திருத்து, அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிட்டு வா, உன் அறை அப்படியே இருக்கிறது, அண்ணன் சைக்கிளை உள்ளே நிறுத்தியிருக்கிறான், எடுக்கச் சொல்கிறேன். மேலதிகாரி திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும், பீரோவைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், உடம்பைக் கெடுத்துக்கொண்டால் என்ன செய்வது. காபியைக் குடித்தே பொழுதை ஓட்டாதே. உன்னை நினைத்தால் எங்களுக்கு எப்போதும் பெருமைதான், கூடப் போன ஒரு பீரோவால் அது குறைந்துவிடாது.

நன்றாக இரு கண்ணே, எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. இதைப் படித்ததும் கிடைத்தது என்று ஒரே ஒரு வார்த்தை போடு. பதில் வராவிட்டால் நாங்கள் மறுபடி அனுப்பத்தான் செய்வோம், இந்தத் தடவை போர்வை இல்லை, அப்பா பரண்மேல் இருந்த பயணப் பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
போனைக் கையைவிட்டுக் கீழே வைக்காத
அம்மா