டீவிக்குப் போட்ட கதவு

மச்சான்,

உன் தேக்குப் பலகையை நேற்று வெளியே இழுத்தேன். தங்கச்சி வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால், தகரத்துக்கு அடியில் கிடந்தது. சாண்ட் பேப்பரை நாலு தரம் இழுத்ததும் தேக்கின் எண்ணெய் மணம் குப்பென்று எழும்பியது. பலகையின் நடுவில் கோடரி வெட்டு, அதற்குப் பக்கத்தில் கறுத்துப்போன ஒரு கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. அது உன் இரத்தம். சிந்த வைத்தவன் நான்.

நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர். வாப்பா மவுத்தாகிவிட்டதால் தங்கச்சிக்கு வீடு கட்டும் பாரம் என் தலையில் விழுந்தது. கட்டாரில் கிரேன் ஓட்டி, வெயிலில் வெந்து, சாய்ந்தமருதில் இந்த வீட்டைக் கட்டினேன். அத்திவாரம் முதல் ப்ளக் பொயின்ட் வரை எல்லாம் தொலைபேசியில் நான் போட்ட கட்டளை. மேசன் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், "நான் சொன்னதச் செய்ங்க" என்று அடைத்துவிடுவேன். வீடு முடிந்த பிறகு மருதமுனையிலிருந்து நீ ஒரு சூட்கேஸோடு மாப்பிள்ளையாக வந்தாய்.

கல்முனை பசாரில் ஹார்ட்வெயார் கடையில் ஆணியும் பூட்டும் விற்ற உனக்கு, மரவேலை எங்கே தெரியும்? ஃபோனில் வீடியோ பார்த்துவிட்டு டீவிக்கு அலுமாரி செய்யப் புறப்பட்டாய். உனக்கு அது வேலையில்லை, மரத்தோடு சண்டை. சுத்தியல் விழுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்பி அழுமாம். ஆணி வளைந்தால் "நாசமறுப்பான்ட ஆணி!" என்று பிடுங்கி மதிலுக்கு அப்பால் எறிவாயாம். தங்கச்சி ஃபோனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு இருந்திருக்கலாம்.

நான் லீவில் வந்த அன்று பின்னேரம், அஸர் தொழுகை நேரம். சாமான்களை வாசலில் போட்டுவிட்டு ஹோலுக்குள் வந்தால், சுவர் முழுக்க உளியால் கொத்திக் கிடக்கிறது. நான் ஆசைப்பட்டுப் பூசுவித்த சுவர். இரண்டு டைல் வெடித்திருந்தது. சுவரைத் தோண்டிய பள்ளத்துக்குள் அரைவாசி புதைந்தபடி உன் அலுமாரி. அதற்கு முன்னால் இரண்டு பெரிய கதவுகள்.

"என்னடா இது? டீவிக்கும் கதவா? ஆருக்குப் பர்தா போடுறாய்?" என்றேன்.

நீ மரத்தூள் படிந்த முகத்தோடு சிரித்தாய். "இருங்க மச்சான். முடிஞ்சாப் பொறகு பாருங்களேன்."

"பார்க்கிறதுக்கு என்ன இரிக்கி? சுவர ஒடைக்க ஆரிட்டக் கேட்டாய்?"

"என்ட பொஞ்சாதிக்கிட்டக் கேட்டன்."

அந்தப் பதிலில் ஒரு பிழையும் இல்லை. வீடு அவளுடையது. ஆனால் எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

"இது உன்ட வீடு இல்லடா. பேக்கத் தூக்கிட்டு வந்து சும்மா இரிக்கிறவன் நீ."

நம் ஊரில் வீட்டு மாப்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அடி இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஒருவரும் வாயால் சொல்வதில்லை. உன் முகம் வெளிறியது. உளியை அடிக்க நீ கையில் வைத்திருந்த கொட்டாப்புளி என் தோளில் வந்து விழுந்தது. எலும்பு நொறுங்கியது போல ஒரு வலி. நான் உன் வாயில் குத்தினேன். ஒரு பல் மரத்தூளுக்குள் போய் விழுந்தது. இருவரும் கட்டிப் புரண்டோம். என் கழுத்தை நீ நெரித்தாய், உன் காதை நான் கடித்தேன். வளர்ந்த இரண்டு ஆம்பிளைகள், அல்லாஹ்வே! தங்கச்சி, "காக்கா! காக்கா!" என்று கத்திக்கொண்டு என் சட்டையை இழுத்துக் கிழித்தாள்.

மூலையில் கோடரி சாத்தியிருந்தது. எடுத்தேன். உன் மேல் ஓங்கவில்லை, அது மட்டும் உண்மை. அலுமாரியைப் பிளந்தேன். ஒரு போடு, இரண்டு போடு, கதவு கழன்று தொங்கியது. மூன்றாவது போடு விழும்போது நீ கையை நீட்டி மறித்தாய். இடது கை ஆட்காட்டி விரலின் நுனி போய்விட்டது.

உன் கையைத் தங்கச்சி தன் முந்தானைக்குள் அமுக்கிப் பிடித்தாள். எப்படி நடந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்காமல், "விறகு கொத்தக்குள்ள கோடரி வழுக்கிட்டு" என்றாய். ஜெயிலுக்குள் போயிருக்க வேண்டியவன், உன் பொய்யால் வெளியே நின்றேன்.

திரும்பி வந்து சூட்கேஸில் உடுப்பை வைத்தாய். அன்றுதான் முதல் தடவையாக என்னை 'நீ' என்று சொன்னாய். "இது உன்ட வீடு. நீயே இரி. இனி இந்தப் படிய நான் மிதிச்சா எனக்குப் பேர் இல்ல." தங்கச்சி வாசலில் குந்தியிருந்து அழுதாள். நீ மருதமுனைக்கு, உன் உம்மா வீட்டுக்குப் போனாய். அவள் அங்கும் இங்குமாக அலைந்தாள். நான் கட்டாருக்கு விமானம் ஏறினேன்.

மூன்று மாதம் என்னோடு கதைக்காமல் இருந்தவள், ஒரு நாள் ஃபோனில் உடைத்தாள். "காக்கா, நீங்க டீவிப் பொயின்ட எந்தச் சுவர்ல வெச்சீங்க? மேற்குச் சுவர்ல. நாங்க தொழுறது அந்தப் பக்கம் பார்த்து. மத்தப் பக்கமெல்லாம் கதவும் ஜன்னலும். டீவிய நிப்பாட்டினாலும் கண்ணாடி மாதிரி என்ட மூஞ்சிதான் எனக்குத் தெரியிது. என்னையே நான் தொழுறயா? அதுக்குத்தான் அவர் கதவு போட்டார். முன்னுக்குத் தொழ எடம் காணாதெண்டுதான் சுவரத் தோண்டினார்."

"எனக்கு ஏன் சொல்லல்ல?" என்றேன்.

"சொல்லாத எண்டார். 'காக்கா ஆசையாக் கட்டின வீடு, கிப்லாவ மறந்துட்டார் எண்டு தெரிஞ்சா மனம் நோகும்' எண்டார்."

மச்சான், கிரேன் மேலே இருந்துகொண்டு நான் வாய்விட்டு அழுதேன். என் பிழையை மூடத்தான் நீ கதவு செய்தாய். அந்தக் கதவைத்தான் நான் கொத்தினேன்.

ஒரு சொல் போதும், மன்னித்துக்கொள் என்று. அதை நான் சொல்லவில்லை. நான் ஃபோன் எடுத்தபோது நீ தூக்கவில்லை. நீ திருப்பி எடுத்தபோது நான் தூக்கவில்லை. ரோசம் பிடித்த இரண்டு கழுதைகள். கட்டாரை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தும் பத்து நாள் இழுத்தடித்தேன். மருதமுனை என்ன மக்காவா? பஸ் ஏறினால் அரை மணி நேரம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போவோம் என்று இருந்தேன். வியாழக்கிழமை, கடையில் சீமெந்து மூட்டைக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினாயாம். எழும்பவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். ஜனாஸா உன் உம்மா வீட்டிலிருந்துதான் போனது. கபன் துணிக்குள் உன் கையைத் தேடினேன், மூடிவிட்டிருந்தார்கள். தொழுகைக்கு முன்னால் உன் தம்பி எழும்பி, "மையத்து ஆருக்காவது கையால, வாயால நோவினை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க" என்றான். பள்ளிவாசல் முழுக்க, "மன்னிச்சோம்" என்றார்கள். என்னை மன்னிக்க வேண்டிய நீ சந்தூக்குப் பெட்டிக்குள் கிடந்தாய். எனக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க அந்தச் சபையில் ஒருவரும் எழும்பவில்லை.

நேற்றுத் தங்கச்சி, "உடைஞ்ச பலகையெல்லாம் அடுப்புக்குக் கொடுப்போம் காக்கா" என்றாள். நான் விடவில்லை. நீ தோண்டிய பள்ளம் சுவரில் அப்படியே இருக்கிறது. அதற்குள் உன் அலுமாரியைத் திரும்பப் பொருத்தினேன். கோந்து வைத்து, க்ளாம்ப் இறுக்கி, வெட்டுப்பட்ட பலகையைக் கதவிலேயே போட்டேன். "அதப் பின்பக்கம் போடுங்க, பார்க்க ஏலாது" என்றாள். முன்பக்கம்தான் போட்டேன்.

எனக்கும் மரவேலை தெரியாது. அந்தக் கதவு கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது, தள்ளினால் சாத்துப்படாது. வெட்டு விழுந்த இடத்தில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினால்தான் மூடும். இன்று அஸருக்குப் பாங்கு சொன்னதும் தங்கச்சி முசல்லாவை விரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போய்க் குத்தினேன். சீவித் திருத்திவிடலாம்தான். திருத்தமாட்டேன். உயிர் இருக்கும்வரை ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் இந்தக் கை அந்த இடத்தில் போய் அடிக்கட்டும், அடிக்கும்போதெல்லாம் உன்னிடம் கேட்கட்டும்.