காற்றில்லாமல் எண்பது கிலோமீட்டர்

ஜூன் 3, சனி

இன்று அப்பாவுக்கு டயாலிசிஸ் மூன்றேகால் மணி நேரம்தான் நடந்தது. நான்கு மணி நேரம் நடந்திருக்க வேண்டும். காரணம் ஓர் ஆணி.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பின்பக்க டயரில் காற்று இறங்கிவிட்டது. ஸ்டெப்னி டிக்கியின் அடித்தட்டில் இருக்கிறது. அதன் மேல் அப்பாவின் சக்கர நாற்காலி, போர்வை, மருந்துப் பை. எல்லாவற்றையும் இறக்கினோம். ஆனால் நட்டை அசைக்கவே முடியவில்லை. அம்மா ஸ்பேனரின் மேல் ஏறி நின்றுகூடப் பார்த்தாள். நாற்பது நிமிடம் கழித்து ஒரு பால் வண்டிக்காரர் நிறுத்தி உதவினார்.

அடுத்த நோயாளி காத்திருந்ததால் நேரத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றார் நர்ஸ். அவர்மேல் தப்பில்லை.

ஜூன் 4, ஞாயிறு

நீர் கோத்து வீங்கிய அப்பாவின் கணுக்காலை விரலால் அழுத்தினால் விழும் குழி மறையப் பத்து நொடி ஆகிறது. போன வாரம் நான்கு.

ஜூன் 6, செவ்வாய்

நூலகத்தில் கண்டுபிடித்தேன். ரன்-ஃப்ளாட் டயர் என்று ஒன்று இருக்கிறது. பக்கச்சுவர் தடித்த ரப்பரால் ஆனது. காற்று முழுவதும் போனாலும் வண்டியின் பாரத்தை அந்தச் சுவரே தாங்கிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து எண்பது கிலோமீட்டர் வரை போகலாம். ஆஸ்பத்திரி பதினெட்டுதான்!

நோட்டில் நன்மை, தீமை என்று கோடு போட்டு எழுதினேன். நன்மையில் ஒன்பது, தீமையில் மூன்று. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அலுவலகத்திலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்தபடி கேட்டாள். "இன்னொரு தடவை படி" என்றாள்.

ஜூன் 8, வியாழன்

டயர் கடைக்காரர் எங்கள் காரைச் சுற்றி வந்தார். இந்த வண்டியின் ஸ்பிரிங் அதற்கென்று செய்ததில்லை, குலுக்கும் என்றார். தவிர, அந்த டயரில் காற்று போனாலும் சப்பையாகாது, அதனால் பார்த்தால் தெரியாது, காற்றழுத்தம் காட்டும் சென்சார் வேண்டும் என்றும் சொன்னார். தினமும் காலையில் நானே அளவுமானி வைத்துப் பார்த்துவிடுவேன் என்றேன்.

"ஏன் பாப்பா, ஆணி காலைல மட்டுந்தான் குத்துமா?"

வெட்கமாகிவிட்டது. சென்சாரைத் தனியாக வாங்கி மாட்டலாமாம். குலுக்கலுக்குத்தான் வழியில்லை. "யாருக்காக வாங்குறீங்களோ அவங்கள ஒரு தடவை அந்த மாதிரி வண்டியில உக்கார வெச்சுப் பாருங்க" என்றார்.

மாமா ஓட்டும் முதலாளியின் காரில் அந்த டயர்தான். சனிக்கிழமை கேட்டு வாங்கி வருகிறாராம். டயர் செலவில் பாதியும் அவருடையதாம்.

ஜூன் 10, சனி

மாமாவை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவே ஓட்டினாள். பின்னால் அப்பாவும் நானும்.

வழக்கமாக அம்மாவின் தோள் இரண்டும் காதருகே ஏறி இருக்கும். இன்று இறங்கி இருந்தன. பாலத்தைத் தாண்டும்போது மாமா, "இவ்ளோ நல்லா ஓட்டுவியா நீ? நாளைலேர்ந்து என் வேலைக்கு நீ போ, நான் தூங்குறேன்" என்றார். அம்மா சிரித்தாள்.

நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகத்தடை வருவதற்கு முன்பே உள்ளங்கைகளை இருக்கையில் ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறார். ரயில் பாதையைக் கடக்கும்போது உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார். சிறுநீரகம் கெட்டால் எலும்பும் நொந்துபோகும் என்று டாக்டர் எப்போதோ சொன்னார். என் நோட்டில் 'குலுக்கல்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தேன். தீமை, எண் இரண்டு.

"எப்படி மச்சான்?" என்று மாமா திரும்பிக் கேட்டார்.

"கப்பல் மாதிரி போகுது" என்றார் அப்பா.

ஜூன் 11, ஞாயிறு

அப்பாவிடம் தனியாகக் கேட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு, "கொஞ்சம் வலிச்சுது. வாரத்துல மூணு நாள்தானே குட்டி. உங்கம்மாகிட்ட மூச்சு விடாத. நேத்துதான் அவ நிம்மதியா ஓட்டினா" என்றார்.

மூணு நாள்தானே. போக வர ஆறு தடவை. வருஷத்துக்கு முந்நூறுக்கு மேல. கணக்குப் போட வேண்டாம்னு நெனச்சாலும் மனசு போடுது.

சொல்றதா, வேண்டாமா? சொன்னா அம்மா மறுபடியும் பயந்துகிட்டே ஓட்டணும். சொல்லலைன்னா அப்பா வாயை மூடிக்கிட்டு வலிய தாங்கணும். நான்தானே ஆரம்பிச்சு வெச்சேன் — நோட்டுல கோடு போட்டு.

ஜூன் 12, திங்கள்

சொல்லவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "கண்ணாடில பாத்தேன்."

அவள் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"தெரிஞ்சும் வாங்கிடலாம்னுதான்டி நெனச்சேன். பயந்துகிட்டே ஓட்ட எனக்கு முடியல."

படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக மடித்தோம்.

ஜூன் 15, வியாழன்

அம்மா கடைக்காரருக்குப் போன் செய்து சாதாரண டயர்தான் வேண்டும், மெத்தென்று இருப்பதாகப் பார்த்துக் கொடுங்கள் என்றாள். போனை வைக்கப் போனவள், "சக்கரம் மாத்தக் கத்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

ஜூன் 18, ஞாயிறு

அந்த நட்டுகள் ஏன் அசையவில்லை என்று இன்றுதான் தெரிந்தது. முன்பு யாரோ மெஷினில் முறுக்கிவிட்டிருக்கிறார்கள். கடைக்காரர் புது டயர்களை மாட்டி, நட்டுகளைக் கையாலேயே முறுக்கினார். ஸ்பேனர் பிடியில் சொருக ஒரு நீளக் குழாயும் கொடுத்தார். குழாயோடு அழுத்தினால் என் பலமே போதும். நெம்புகோல் தத்துவம், ஏழாம் வகுப்பிலேயே படித்தது, ஆனால் அன்று தோன்றவில்லை.

முதல் தடவை ஐம்பத்திரண்டு நிமிடம், இரண்டாவது தடவை முப்பத்தைந்து. அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது. ஸ்டெப்னியை இனி பின் இருக்கைக்கு முன்னால், நான் கால் வைக்கும் இடத்தில் வைக்கிறோம். நான் சம்மணம் போட்டு உட்கார வேண்டும்.

ஜூன் 24, சனி

புது டயர், ஆறே நாள். கண்ணாடித் துண்டு.

அம்மா ஓரமாக நிறுத்தினாள். திட்டவில்லை, அழவில்லை. அப்பாவைச் சக்கர நாற்காலியில் ஒரு மரத்தடியில் உட்கார வைத்தோம். நட்டுகளைக் கழற்றக் கழற்ற அவர் கையில் கொடுத்தேன். திரும்ப மாட்டும்போது அவர் ஒவ்வொன்றாக நீட்டினார். நான்குதான் வந்தன. ஐந்தாவதைச் சாக்கடை ஓரம் வரை தேடினோம். "நாலு போதும், மெதுவா போலாம், ஏறு" என்றாள் அம்மா. இருபத்தாறு நிமிடம். வழியெல்லாம் அந்தச் சக்கரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

எடை பார்க்கும்போது நர்ஸ் அப்பாவின் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன சார், கனமா?" என்றார். நட்.

"ஒரே ஒரு வேலை குடுத்தீங்க எனக்கு" என்றார் அப்பா.

அம்மா அந்த எடை மெஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூச்சு வாங்கும் வரை சிரித்தாள். பதினைந்து நிமிடத் தாமதம்தான், இன்று முழு நேரமும் ஓடும் என்று நர்ஸ் சொன்னதை அவள் கேட்டாளா என்று தெரியவில்லை.

நட்டை வாங்கிக்கொண்டு நான் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். முறுக்கிவிட்டுத் திரும்பியபோது அப்பாவுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வெளியே பெஞ்சில், தோளில் தலை சரிந்து, தூங்கிப்போயிருந்தாள். நான்கு மணி நேரம். எழுப்பவில்லை.