பன்னிரண்டு மணி நேர இருட்டு

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, என் மனசுதான் இரண்டு நாளாக ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. நீ சுகமா, இருமல் விட்டதா. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால் எழுதுகிறேன், அப்பா இதைப் படமெடுத்து இன்றைக்கே அனுப்பிவிடுவார். தையல் வேலையெல்லாம் அப்படியே கிடக்கிறது, காலையில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டேன்.

உன் அறையில் ஆராய்ச்சிக்கென்று விளக்கும் கேமராவும் மாட்டி நீ வைத்துவிட்டுப் போன உருளைக்கிழங்குத் தொட்டிகளைப் பற்றித்தான். வாராவாரம் என் டேப்பால் அளந்து சொன்ன உயரமெல்லாம் உண்மை, செடி இடுப்பைத் தாண்டிவிட்டது, பக்கத்து வீட்டு அக்கா பார்த்து வாயைப் பிளந்தாள். ஆனால் முந்தாநாள் நீ சொன்னபடி மண்ணைக் கிளறினால் வெறும் வேர், கோலிக்குண்டு அளவுக்குக்கூட ஒரு கிழங்கு இல்லை. இந்த விளக்கில் கிழங்கு பிடிக்காது என்று வெள்ளிக்கிழமை அறிக்கையில் எழுதப்போவதாக நீ சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படி எழுதாதே. தப்பு விளக்கின் மேல் இல்லை, என் மேல்.

பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு, இருட்டில்தான் கிழங்கு இறங்கும் என்று படித்துப்படித்துச் சொன்னாய். ஆனால் நீ அங்கே வேலை முடிந்து போனில் கேமராவைத் திறக்கிற நேரம் இங்கே இரவு. முதல் வாரமே, திறந்தா ஒரே இருட்டும்மா, நம்ம வீடு மாதிரியே இல்ல என்று சொன்னாய். நீ பார்க்கிற ரெண்டு நிமிஷம் மட்டும் விளக்கைப் போடுறேன் என்றேன், அதுக்கு மேல போகக்கூடாதும்மா என்றாய். நீ எப்போது திறப்பாய் என்று யார் கண்டது. விளக்கை நேரத்துக்கு அணைக்கிற டைமரைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன், இத்தனை வாரமும் விளக்கு விடிய விடிய எரிந்தது. செடிக்கும் வெளிச்சம் கூடினால் நல்லதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேற்று அப்பாவிடம் சொன்னால், பொண்ணு படிச்ச படிப்புக்கு நீயே வேட்டு வச்சிட்டியே என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டைமரைத் திரும்ப மாட்டியாயிற்று. இந்தத் தொட்டிகளைக் கணக்கில் சேர்க்காதே, உன் மேலதிகாரியிடம் இன்னும் கொஞ்ச வாரம் கேள். காரணம் கேட்டால் அம்மா செய்த வேலை என்றே சொல், எனக்கு வெட்கமில்லை.

எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஒன்றை மறந்துவிடாதே, இன்றிலிருந்து நீ திறக்கும்போது அறை இருட்டாகத்தான் இருக்கும். பயந்துவிடாதே, நான் அடுத்த அறையில்தான் படுத்திருப்பேன்.

இப்படிக்கு,
நீ பார்க்கிற நேரத்தில் விழித்தே இருக்கும்
உன் அம்மா