மாத்திரையின் மிச்சம்

ஜூன் 3, திங்கள்
இன்று மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகவில்லை. ஹட்டனில் ஒரு டாக்டரிடம் போனேன். இரண்டு வாரமாகக் கீழே அரிப்பு, மூத்திரம் போனால் எரிகிறது. அவர் சிங்களத்தில் வேகமாகச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். ஆறு மாத்திரை. விழுங்குவதற்கு இல்லை, படுக்கும் முன் உள்ளே வைக்க வேண்டும். அவர் கையால் காட்டியதில் அது மட்டும் புரிந்தது. பெட்டிக்குள் இருந்த தாளில் தமிழ் இல்லை.

ஜூன் 4
ஒன்று வைத்தாயிற்று. இன்னும் ஐந்து.

ஜூன் 6, வியாழன்
கொழுந்து எடுக்கும்போதே ஈரம் தெரிந்தது. பகலில் லயத்து வீட்டுக்கு வந்து பார்த்தால் – வெள்ளை வெள்ளையாக, சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி, தூளும் கட்டியுமாக. முன்பு இவ்வளவு இல்லையே. மருந்து வைத்து நோய் கூடுமா? கீழ் லயத்து அழகம்மா அக்காவுக்கும் வெள்ளைப்படுதலில்தானே தொடங்கியது. கர்ப்பப்பையில் புற்று. ஏழே மாதத்தில் போய்விட்டாள்.
மிச்ச மாத்திரை வேண்டாம்.

ஜூன் 7
கொடியில் கிடந்த பாவாடையில் கறையைப் பார்த்துவிட்டார் ஜீவராஜ். "இது எங்கருந்து வந்துச்சு? யாரு குடுத்த வியாதி?" என்றார். பதினாலு வருசம் கூட இருந்த புருசன்.
யாரு குடுத்தா? நான் எங்க போறேன் – மலை, லயம், தண்ணிப் பீலி. வேற எங்க போறேன்? பாவாடைய எடுத்து மறுபடி ஊற வச்சேன். அழுகையும் வரல. அலுப்பாத்தான் இருந்துச்சு.

ஜூன் 8
மழை. அரிப்பு. எட்டு மணி நேரம் நின்றேன்.

ஜூன் 10, திங்கள்
பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமி, "நீ நடக்கிறதே சரியில்லடி. கிளினிக்குக்குத் தமிழ் மிட்வைப் வந்திருக்காங்க, போ" என்றாள். கங்காணியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் போனேன்.
கிருஷாந்தி என்று பேர். சின்னப் பெண். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். நாற்றம் உண்டா, ரத்தம், காய்ச்சல், அடிவயிற்று வலி? ஒன்றும் இல்லை.
"அப்ப அது மாத்திரைதான்க்கா. உள்ள கரைஞ்சு வேலையச் செஞ்சுட்டு மிச்சம் வெளிய வரும். எல்லாருக்கும் வரும். ஒரு துணி வச்சுக்கிட்டாப் போதும்."
எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜீவராஜ் கேட்டதையும் சொல்லிவிட்டேன்.
"போன மாசம் இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை குடிச்சேன்னீங்களே, அதுக்கப்புறம்கூட அரிப்பு குடுக்கிற இந்தப் பூஞ்சணம் வரும். யாராச்சும் குடுத்துத்தான் வரணும்னு இல்ல."
நடுவில் நிறுத்தியதால் டாக்டரிடம் போனில் கேட்டு, முதலிலிருந்து ஆறு கொடுத்தாள். நாற்றமோ ரத்தமோ கண்டால், அரிப்பு நிற்காவிட்டால், உடனே வரச் சொன்னாள். அழகம்மா அக்காவைப் பற்றிச் சொன்னதும், இது ஆறியபிறகு கர்ப்பப்பைச் சோதனைக்கும் வரவேண்டும் என்று தேதி எழுதித் தந்தாள்.

ஜூன் 12
அதே வெள்ளை. பார்த்தேன், துணியை மாற்றினேன், மலைக்குப் போனேன்.

ஜூன் 17
ஆறும் முடிந்தது. எரிச்சல் இல்லை. மிட்வைப் சொன்னதை அப்படியே ஜீவராஜிடம் சொன்னேன். "சரி, சரி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஜூலை 2
சோதனைக்குப் போய்வந்தேன். நாகலெட்சுமியும் வந்து பேர் கொடுத்தாள்.
சாயங்காலம் ஜீவராஜ் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு நான் கேட்டத மனசுல வச்சுக்காத."
"மனசுலதான் இருக்கு" என்றேன்.
இவரிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் எழுந்து போகவில்லை. கேத்தலில் தேத்தண்ணீர் இருந்தது. இரண்டு கோப்பையிலும் ஊற்றினேன்.